க்ளைம்பிங் பேண்ட்: டேக்கைப் பாக்காதீங்க, காலைத் தூக்கிப் பாருங்க

க்ளைம்பிங் ஆரம்பிக்கிறவங்க முதல்ல ஷூ வாங்குவாங்க, அப்புறம் ஹார்னஸ் (இடுப்புலயும் தொடையிலயும் மாட்டி கயிறு கட்டுற பட்டை), சாக் பேக் (கை வழுக்காம இருக்க பூசிக்கிற வெள்ளைப் பவுடர் பை), கடைசியா பேண்ட் ஞாபகம் வர்றப்ப கையில காசு இருக்காது. அந்த வரிசை சரிதான், மாத்த வேண்டாம். ஷூ சரியில்லன்னா கால் நிக்காது, ஹார்னஸ் சரியில்லன்னா உயிருக்கே ஆபத்து, பேண்ட் சரியில்லன்னா கிழியும், கொஞ்சம் மானம் போகும், அவ்ளோதான். அதனால மிச்சம் பிடிக்கணும்னா பேண்ட்லதான் பிடிக்கணும். "க்ளைம்பிங்"னு டேக் மாட்டி விக்கிற பேண்ட் பெரும்பாலும் நல்ல பேண்ட்தான், அதுல சண்டை இல்ல, ஆனா அது ஏன் நல்லா இருக்குன்னு தெரிஞ்சிட்டீங்கன்னா அதே குணங்களை ஒரு சாதா ட்ராக் பேண்ட்லயோ ஹைக்கிங் பேண்ட்லயோ வேலைக்குப் போடுற வொர்க் பேண்ட்லயோ தேடி எடுத்து ரொம்பக் கம்மியில முடிச்சிடலாம்.

இது ஒண்ணும் புதுசு இல்ல. 1970கள்ல அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல இருக்கிற யோசெமிட்டி பள்ளத்தாக்குல பெரிய பெரிய பாறைச் சுவரா ஏறித் தள்ளுனவங்க நிறைய பேர் போட்டுட்டு இருந்தது பெயிண்டர்ங்க போடுற வெள்ளை பேண்ட். லூசா இருக்கும், விலை கம்மி, வெயில்ல சூடு ஏறாது, கிழிஞ்சாலும் கவலை இல்ல. அதுக்கு முந்தின தலைமுறை முட்டிக்குக் கொஞ்சம் கீழ முடியுற நிக்கர்ஸ் போட்டாங்க, அதுல கால் வைக்கிற இடம் நல்லா தெரியும். 1980கள்ல கண்ணு கூசுற கலர்ல லைக்ரா டைட்ஸ் வந்துச்சு, அந்த ஃபோட்டோவெல்லாம் இப்ப பாத்தா சிரிப்பு வரும், ஆனா அதைப் போட்டா கால் எந்தப் பக்கம் வேணாலும் போகும். மூணும் வேற வேற துணி, வேற வேற வெட்டு, ஆனா மூணுலயும் பேண்ட் காலுக்கு குறுக்க வரல. நம்ம தேடப் போறதும் அதை மட்டும்தான், மத்ததெல்லாம் அப்புறம்.

முதல்ல கவட்டை

கால் ரெண்டும் சேர்ற இடம் இருக்கே, பெரும்பாலான பேண்ட் அங்கதான் தோத்துப்போகுது. நடக்கவும் உக்காரவும் தச்ச பேண்ட்ல கால் முன்னாடி பின்னாடி போக இடம் இருக்கும், பக்கவாட்டுல விரிய இருக்காது. க்ளைம்பிங்ல ரெண்டும் வேணும், அதுவும் ஒரே நேரத்துல வேணும். இடுப்பு உயரத்துல இருக்கிற ஹோல்டுக்கு (காலோ கையோ வைக்கிற பிடிக்கு) காலைத் தூக்கி வைக்கிற ஹை ஸ்டெப், எதிரெதிர் சுவர்ல இந்தக் கால் அங்க அந்தக் கால் இங்கன்னு ஊனி நிக்கிற ஸ்டெம்மிங், முட்டியை உள்பக்கமா திருப்பிக் கீழ இறக்குற ட்ராப் நீ, குதிகாலை கை இருக்கிற உயரத்துக்குக் கொண்டுபோய் மாட்டுற ஹீல் ஹூக், இதுல எதைப் பண்ணாலும் துணியோட முதல் இழுவை கவட்டையிலதான் வரும்.

ஒரு சாதா பேண்ட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்க. முன் தையல், பின் தையல், ரெண்டு காலோட உள் தையல், நாலும் ஒரே புள்ளியில வந்து முட்டும். காலை விரிச்சா இழுவை மொத்தமும் அந்த ஒரு புள்ளிக்குப் போகும், கிழிசலும் அங்கதான் ஆரம்பிக்கும். க்ளைம்பிங் பேண்ட்ல அந்த இடத்துல டைமண்ட் வடிவத்துல தனியா ஒரு துணி வச்சு தச்சிருப்பாங்க, அதுக்குப் பேரு கசெட். விரியறதுக்கு எக்ஸ்ட்ரா துணி கொடுக்கும், நாலு தையலும் ஒரே இடத்துல சேராம பிரிச்சும் விட்டுடும். யோசெமிட்டியில ஏறிட்டு இருந்த மைக் கிரஹாம் 1982ல ஆரம்பிச்ச கிராமிச்சி கம்பெனியோட பேண்ட் பேர் வாங்குனதே இந்த கசெட்டாலயும், இடுப்புலயே சேத்து தச்ச நாடா பெல்ட்டாலயும்தான். இப்ப அது க்ளைம்பிங்குக்கு மட்டும்னு எழுதி வச்ச சொத்து கிடையாது. கராத்தே பேண்ட்ல இருக்கும், நிறைய லெகிங்ஸ்ல இருக்கும், ஓரளவு நல்ல ஹைக்கிங் பேண்ட்ல இருக்கும், சில வொர்க் பேண்ட்லயும் இருக்கும். அதனால கடையில எதை எடுத்தாலும் விலையைப் பாக்குறதுக்கு முன்னாடி உள்ள திருப்பி கவட்டையைப் பாருங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பார், பாத்துட்டுப் போகட்டும்.

கசெட் இல்லன்னா உடனே தூக்கி வைக்கணும்னு இல்ல. துணி நல்லா இழுபடுற ரகம்னா கசெட் இல்லாமயே சமாளிச்சிடும், செயற்கைச் சுவர் இருக்கிற க்ளைம்பிங் ஜிம்ல மட்டும் ஏறுறவங்களுக்கு அதுவே தாராளம். துணியும் இழுபடல, கசெட்டும் இல்லன்னா அது எவ்வளவு மலிவா கிடைச்சாலும் வேண்டாம், இல்லன்னா டைலர்கிட்ட குடுத்து கசெட் வச்சுக்கிற யோசனையோட வாங்குங்க, அதைப் பத்தி கீழ சொல்றேன்.

இன்னொரு விஷயம், இது நிறைய பேருக்கு உல்டாவா தோணும். கவட்டை கீழ இறங்கி தொங்குனா கால் நல்லா தூக்க வரும்னு நினைப்பாங்க. பேண்ட் மொத்தமும் அகலமா, தொடையெல்லாம் தளதளன்னு இருந்தா அது சரி. ஆனா தொடை பிடிப்பா இருந்து கவட்டை மட்டும் நாலு விரல் கீழ தொங்குச்சுன்னா காலைத் தூக்குறப்ப ரெண்டு தொடையையும் அந்தத் தொங்கலே கட்டிப்போட்டுடும். சட்டையில அக்குள் ரொம்ப இறங்கியிருந்தா கையைத் தூக்குறப்ப சட்டையே மேல ஏறி வருமே, அதே கணக்குதான் இங்கயும். கவட்டை உடம்பை ஒட்டி மேல இருக்கணும், லூஸ் வேண்டியது சீட்லயும் (உக்காருற பின்பக்கம்) தொடையிலயும்.

ட்ரயல் ரூம்ல என்ன பண்ணணும்

கண்ணாடியில முன்னாடி பின்னாடி பாத்துட்டு ஓகேன்னு வர்றது கல்யாணத்துக்கு வாங்குற பேண்ட்டுக்கு. இதுக்கு கொஞ்சம் கூச்சத்தை விட்டுட்டு வேலை பாக்கணும். ட்ரயல் ரூம்ல ஸ்டூலோ பெஞ்சோ இருந்தா அதுல ஒரு காலைத் தூக்கி வைங்க, கையால முட்டியைப் பிடிச்சுத் தூக்காம கால் தானா போகுதான்னு பாருங்க, அதுதான் முக்கியம், ஏன்னா பாறையில ரெண்டு கையும் பிஸியா இருக்கும். அப்புறம் ஒத்தக் கால்ல நின்னுட்டு அடுத்த முட்டியை நெஞ்சு வரைக்கும் கொண்டுவாங்க. தொடை மேல துணி இறுக்கிப் பிடிச்சு முட்டி பாதியிலயே நின்னுச்சுன்னா ஃபெயில். முட்டி வந்துருச்சு, ஆனா பின்னாடி இடுப்பு நாலு இஞ்ச் இறங்கிருச்சுன்னா அதுவும் ஃபெயில்தான், துணி சீட்ல பத்தலன்னு அர்த்தம், இல்லாத துணியை இடுப்புல இருந்து கடன் வாங்குது.

அடுத்தது தவளை. முழுசா குத்துக்கால் போட்டு உக்காந்து முட்டி ரெண்டையும் எவ்வளவு முடியுமோ வெளிப்பக்கமா விரிங்க, சுவரோட ஒட்டி ஏறுறப்ப இடுப்பு இருக்கிற நிலை கிட்டத்தட்ட இதுதான். தையல்ல டப்புனு சின்ன சத்தம் கேட்டுச்சுன்னா மெதுவா எந்திரிச்சு, கழட்டி, மரியாதையா மடிச்சு வச்சுட்டு வந்துருங்க. சத்தம் வரலன்னா அப்படியே காலை அகட்டி நின்னு பாருங்க, ஒரு முட்டியை உள்ள திருப்பி கீழ இறக்கிப் பாருங்க. இதுல நிறைய பேண்ட் முட்டிகிட்ட மாட்டும், ஏன்னா நேரா வெட்டுன குழாய்க்குள்ள மடங்குன கால் நிக்க மாட்டேங்குது. முட்டிகிட்ட சின்னச் சின்ன மடிப்புத் தையல் போட்டு லேசா வளைச்சு தச்சிருந்தா அந்தப் பிரச்சனை இருக்காது, அதை ஆர்டிகுலேட்டட் நீன்னு போட்டிருப்பாங்க. தரையில விரிச்சா அந்த பேண்ட்டோட கால் நேரா படுக்காது, கொஞ்சம் வளைஞ்சே கிடக்கும். அதைப் பாத்து தையல் கோணல்னு நினைச்சு திருப்பி வச்சிடாதீங்க.

கடைசியா ஒரு காலைத் தூக்கி ஸ்டூல் மேல வச்சபடியே குனிஞ்சு உங்க பாதத்தைப் பாருங்க. பாதம் முழுசா தெரியணும். பேண்ட்டோட பாட்டம் வந்து பாதத்தை மூடுதுன்னா பாறையில கால் வைக்கிற சின்னச் சின்ன விளிம்பு கண்ணுக்குத் தெரியாது, அந்த ஒரு செகண்ட் குழப்பத்துலயே கை சோர்ந்துபோகும். பாட்டம் குறுகலா இருக்கிறது, எலாஸ்டிக் வச்சது, நாடா வச்சு இழுத்துக் கட்டுறது, எதுவா இருந்தாலும் சரி. சுருட்டி விட்டாலும் சரிதான், ஆனா சுருட்டுனது இறங்காம நிக்குதான்னு பாருங்க, வழவழன்னு இருக்கிற துணி நாலு ஸ்டெப்லயே இறங்கிடும். நீளம் அதிகமா இருக்கிற நல்ல பேண்ட் மலிவா கிடைச்சா விடாதீங்க, வெட்டி மடிச்சு தைக்கிறது இருக்கிறதுலயே சுலபமான வேலை.

துணி விஷயம்

உள்ள தச்சிருக்கிற குட்டி லேபிளைப் படிங்க, வெளிய தொங்குற பெரிய டேக்கை விட அதுல உண்மை அதிகம். எலாஸ்டேன், ஸ்பாண்டெக்ஸ், லைக்ரா மூணும் ஒண்ணுதான், லைக்ராங்கிறது பிராண்ட் பேரு. அது 2%, 3% இருந்தாலே ஜீன்ஸும் சினோஸும் போடுறதுக்கு வேற மாதிரி இருக்கும். நெய்த துணியில 4%ல இருந்து 8% வரைக்கும் இருந்தா க்ளைம்பிங்குக்கு ரொம்ப நல்லது. லெகிங்ஸ்லயெல்லாம் 10, 20ன்னு போகும். ஆனா நம்பரை மட்டும் நம்பாதீங்க, துணியை ரெண்டு கையால நீளவாக்குல இழுங்க, அப்புறம் அகலவாக்குல இழுங்க. ரெண்டு பக்கமும் இழுபட்டா ஃபோர் வே ஸ்ட்ரெச், ஒரே பக்கம்னா அது இடுப்பைச் சுத்தி இழுபடுற பக்கமாத்தான் பெரும்பாலும் இருக்கும், முட்டி மடக்குறப்ப உதவாது. இழுத்து விட்டதும் உடனே பழைய நிலைக்கு வருதான்னும் பாருங்க. மெதுவா சோம்பேறித்தனமா திரும்புற துணி கொஞ்ச நாள்ல முட்டியில பை விட்டு தொங்க ஆரம்பிச்சிடும்.

நைலானா பாலியஸ்டரா காட்டனான்னு கேட்டா, வெளிய பாறையில ஏறுறவங்களுக்கு என் ஓட்டு நைலானுக்கு, எலாஸ்டேன் கலந்த நைலானுக்கு. உரசலை அது பாலியஸ்டரை விட நல்லா தாங்கும். பாலியஸ்டர் விலை கம்மி, சீக்கிரம் காயும், ஆனா வேர்வை நாத்தம் பிடிச்சுக்கிச்சுன்னா துவைச்சாலும் லேசுல போகாது. காட்டன் போடுறதுக்கு சுகம், கொஞ்சம் கெட்டியான காட்டன் உரசலையும் தாங்கும், குறை என்னன்னா ஈரம். காத்துல இருக்கிற ஈரத்தை மட்டுமே காட்டன் தன் எடையில 8% கிட்ட உள்ள வச்சுக்கும், நைலான் 4% கிட்ட, பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்ல. இதுல வேர்வையும் சேந்துச்சுன்னா காட்டன் பேண்ட் கனத்துப்போய் தொடையில ஒட்டும், ஒட்டுன துணி இழுபடாது, காலைத் தூக்குறப்ப கூடவே பிடிச்சு இழுக்கும். ஏசி போட்ட ஜிம்ல இது பெரிய விஷயமே இல்ல. மழை வரலாம், குளிர் அடிக்கலாம்னு இருக்கிற உயரமான இடத்துல நாள் முழுக்க நீள ரூட் ஏறப் போறீங்கன்னா காட்டனைத் தொடாதீங்க.

கனத்தை ஜிஎஸ்எம்னு போட்டிருப்பாங்க, ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கிற கணக்கு. 150க்குக் கீழன்னா மெல்லிசு, வெயிலுக்கு சுகம், பாறைக்கு பயம். 180ல இருந்து 250 வரைக்கும் எல்லாத்துக்கும் ஆகும். வழக்கமான ஜீன்ஸ் துணி 400 கிட்ட வரும், ஸ்ட்ரெச் ஜீன்ஸ் அதை விடக் கம்மி. நம்பர் போடலன்னா வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாருங்க, அந்தப் பக்கம் கை விரல் தெளிவா தெரிஞ்சா அது பாறைக்கு ஆகாது, ஜிம்முக்கு வச்சுக்கலாம்.

ஹார்னஸ் போட்டதுக்கு அப்புறம் பேண்ட் வேற பேண்ட்

இதை பலர் யோசிக்கிறதே இல்ல. கடையில போட்டுப் பாத்தப்ப சூப்பரா இருந்த பேண்ட், ஹார்னஸ் மாட்டுனதும் எங்கெங்கயோ குத்த ஆரம்பிக்கும். ஹார்னஸோட இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேல உக்காரணும், லெக் லூப் தொடையோட மேல்பகுதியில உக்காரும். அப்ப அந்த இடத்துல பேண்ட்ல கெட்டியா எது இருந்தாலும் அது உங்களுக்கும் பட்டைக்கும் நடுவுல மாட்டிக்கும். ஜீன்ஸோட செம்பு ரிவெட், பின் பாக்கெட் பட்டன், பக்கிள் வச்ச லெதர் பெல்ட், பெருசா முடிச்சுப் போட்ட நாடா எல்லாமே. ரோப்ல பத்து நிமிஷம் தொங்கிட்டு இருந்தா எது எங்க இருக்குன்னு உடம்பே சொல்லும். அதனால இடுப்புக்கு சிறந்தது தட்டையான எலாஸ்டிக்கும் உள்பக்கம் போற நாடாவும். பெல்ட் இல்லாம நிக்காத பேண்ட்னா தட்டையான துணி பெல்ட் போதும். நாடாவோட நுனி வெளிய தொங்க வேண்டாம், முடிச்சுப் போட்டுட்டு உள்ள தள்ளிடுங்க, பிலே டிவைஸ் (கூட ஏறுறவரோட கயிறைப் பிடிச்சு நிறுத்துற கருவி) இருக்கிற இடத்துகிட்ட எதுவுமே ஆடிட்டு இருக்கக்கூடாது.

பாக்கெட் விஷயத்துலயும் அதேதான். சைடு பாக்கெட்டோட வாயை ஹார்னஸ் மூடிடும், கை உள்ள போகாது. உபயோகப்படுறது தொடைப் பக்கம் கீழ இருக்கிற ஜிப் வச்ச ஒத்தப் பாக்கெட்தான், அதுவும் தட்டையா இருந்தா. உப்பிட்டு நிக்கிற கார்கோ பாக்கெட் பாறை முனையில மாட்டும், கியர் எடுக்கிறப்ப கை தடுக்கும், ஏறுறப்ப உள்ள வச்ச சாமான் தொடையில இடிச்சுட்டே இருக்கும். போல்டரிங் (கயிறில்லாம கம்மி உயரத்துல ஏறுறது) மட்டும் பண்றவங்களுக்கு ஹார்னஸே கிடையாது, அதனால பாக்கெட் எப்படி இருந்தாலும் பரவாயில்ல, ஆனா சாவியும் ஃபோனும் வச்சுட்டு ஏறாதீங்க, கீழ விரிச்ச மெத்தைப் பேட் மேல விழறப்ப அது உடம்புக்கும் நல்லதில்ல, ஃபோனுக்கும் நல்லதில்ல. பேண்ட்ல இருக்கிற பெல்ட் லூப்ல கேரபினர் (திறந்து மூடுற உலோகக் கொக்கி) மாட்டி எதையாவது தொங்க விடுற ஆளுங்களும் இருக்காங்க, பிரஷ்ஷோ சாக் பேக்கோன்னா சரி, கயிறு சம்பந்தப்பட்ட எதையும் அங்க மாட்டவே கூடாது.

லூஸ் பேண்ட் போடுறவங்க ஹார்னஸ் வாங்குறப்ப அதே பேண்ட்டோட போய் போட்டுப் பாருங்க. தொடையில துணி அதிகமா இருந்தா லெக் லூப்புக்குள்ள சுருண்டு சுருண்டு முடிச்சா உக்காந்துக்கும், அரிக்கும், தோல் சிவக்கும். மெல்லிசான டைட் பேண்ட்ல அந்தத் தொல்லை இல்ல, ஆனா பட்டை நேரா தோல்ல அழுத்துற மாதிரி இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுதான் நல்லது. மல்டி பிட்ச் (நடுநடுவுல நின்னு கட்டம் கட்டமா ஏறுற நீள ரூட்) ஏறுற பெண்களுக்கு ஒரு விஷயம்: இடுப்புல எலாஸ்டிக் இருக்கிற பேண்ட்னா, ஹார்னஸோட பின்பக்கம் லெக் லூப்பைப் பிடிச்சிருக்கிற எலாஸ்டிக் பட்டையை மட்டும் கழட்டிட்டு, இடுப்புப் பட்டையைத் தொடாமயே, ஆங்கர்ல (பாறையில உங்களைக் கட்டி வைக்கிற இடம்) கட்டுனபடியே பாத்ரூம் வேலையை முடிச்சுக்கலாம். பட்டன் ஜிப்போட டைட்டா இருக்கிற ஜீன்ஸ்ல அது பெரிய சர்க்கஸ்.

மலிவுல என்னென்ன கிடைக்கும், எது தேறும்

ட்ராக் பேண்ட் முதல்ல எல்லார் வீட்லயும் இருக்கும். பாட்டம் குறுகலான ஜாகர்னா ஜிம்முக்கு அப்படியே போட்டுட்டுப் போங்க, புதுசா எதுவும் வாங்கவே வேண்டாம். பாறைக்குப் போனா பின்னப்பட்ட மெல்லிசுத் துணி சீக்கிரம் நூல் நூலா கிளம்பிடும், அது மட்டும்தான் குறை. லெகிங்ஸும் அதே கதை, காலை எப்படி வேணாலும் போட விடும், ஸ்லாப்ல (சாஞ்ச வழவழப் பாறையில) முட்டி ஒரு தடவை தேச்சா ஓட்டை. லெகிங்ஸ்தான் பிடிக்கும்னா முட்டியில ரெண்டு லேயர் வச்சது கிடைக்குதான்னு தேடுங்க.

ஹைக்கிங் பேண்ட்தான் என்னைக் கேட்டா பெஸ்ட். எலாஸ்டேன் கலந்த நைலான், கசெட், வளைஞ்ச முட்டி, ஜிப் பாக்கெட், க்ளைம்பிங் பேண்ட்ல இருக்கிற எல்லாமே இதுல இருக்கும், நிறைய பேர் வாங்குறதால மலிவான மாடலும் நிறைய இருக்கும், சீசன் முடியுறப்ப விலையும் இறங்கும். பாக்க வேண்டியது பாட்டம் அகலம் ஒண்ணுதான், ட்ரெக்கிங் பூட்ஸ் மேல இறங்கணும்னு அதுல அகலமா வச்சிருப்பாங்க. முட்டியில ஜிப் போட்டு ஷார்ட்ஸா மாத்துற ரகத்தை மட்டும் தவிர்த்துடுங்க, முட்டி மடங்குற இடத்துலயே அந்த ஜிப் வந்து நிக்கும்.

வொர்க் பேண்ட்ல ஸ்ட்ரெச் வச்சது இப்ப நிறைய வருது, முட்டியிலயும் சீட்லயும் டபுள் துணி இருக்கும், உரசலுக்கு பயப்படவே வேண்டாம், கனம்தான் கொஞ்சம் ஜாஸ்தி, சுத்தியல் மாட்டுற லூப்பு அது இதுன்னு தேவையில்லாத சாமான் இருந்தா பிரிச்சு எடுத்துடலாம். உடம்பையே உள்ள திணிச்சு ஏறுற சிம்னி, ஆஃப்விட்த் மாதிரி விரிசலுக்குப் போறவங்களுக்கு இதை விட நல்ல பேண்ட் கிடையாது, அங்க முட்டியும் தொடையும் பாறையில தேஞ்சுட்டேதான் ஏறும். ஸ்ட்ரெச் ஜீன்ஸும் மோசமில்ல, போல்டரிங் பண்றவங்க பாதி பேர் அதைத்தான் போட்டுத் திரியுறாங்க, ரிவெட்டும் ஈரமும்தான் பிரச்சனைன்னு மேலயே சொல்லிட்டேன். கராத்தே பேண்ட் ஒரு ரகசிய ஐட்டம், கசெட் இருக்கும், இடுப்புல நாடா இருக்கும், அகலமா இருக்கும், பாட்டத்துல மட்டும் ஒரு எலாஸ்டிக் ஓட்டிட்டா வேலை முடிஞ்சுது, ஆனா வெள்ளைக் கலர் பாறை அழுக்குல ஒரே நாள்ல வேற கலராகிடும்.

செகண்ட் ஹேண்ட் வாங்க கூச்சப்படாதீங்க. வாங்குறப்ப மூணு இடம் பாருங்க: கவட்டைத் தையல்ல நூல் விட்டிருக்கா, சீட்லயும் முட்டியிலயும் துணி தேஞ்சு மினுமினுக்குதா, இழுத்தா எலாஸ்டேன் உயிரோட இருக்கா. இழுக்கிறப்ப துணி மேல குட்டிக் குட்டியா வெள்ளை இழை எட்டிப் பாத்தா எலாஸ்டேன் செத்துப்போச்சுன்னு அர்த்தம், அதை இலவசமா குடுத்தாலும் வேண்டாம்.

ஆன்லைன்ல வாங்குறவங்க, போட்டுப் பாக்க முடியாதுங்கிறதால, வீட்ல ஏற்கனவே கால் நல்லா தூக்க வர்ற ஒரு பேண்ட்டை தரையில விரிச்சு அளந்து வச்சுக்குங்க. இடுப்பு மட்டும் போதாது, தொடை அகலம், பாட்டம் அகலம், அப்புறம் கவட்டையில இருந்து பின்பக்கம் இடுப்பு வரைக்கும் எவ்வளவு நீளம்ங்கிறது, இந்தக் கடைசி அளவுதான் குனியுறப்ப முதுகு தெரியுமா தெரியாதான்னு முடிவு பண்ணும். ஸ்ட்ரெச் இல்லாத துணின்னா ஒரு சைஸ் பெருசா எடுத்து நாடாவுல இறுக்கிக்கலாம். ஸ்ட்ரெச் இருந்தா உங்க சைஸே போதும். வந்ததும் டேக்கைக் கிழிக்காம ட்ரயல் ரூம் கூத்தெல்லாம் வீட்லயே பண்ணிப் பாத்துட்டு, சரியில்லன்னா திருப்பி அனுப்பிடுங்க.

டைலர் இருக்க பயமேன்

உங்ககிட்ட இருக்கிற ஒரு பேண்ட் எல்லாத்துலயும் ஓகே, கவட்டை மட்டும் பிடிக்குதுன்னா கசெட் வச்சுடலாம், புது பேண்ட்டை விட இது மலிவு. டைலர்கிட்ட போய் கசெட்னு சொன்னா புரியலன்னா படம் வரைஞ்சு காட்டுங்க. கவட்டையில நாலு தையலும் சேர்ற இடத்தைப் பிரிக்கணும், முன்பக்கமும் பின்பக்கமும் 3, 4 செ.மீ., உள் தொடைப் பக்கம் ரெண்டு கால்லயும் 7, 8 செ.மீ. அந்த ஓட்டையில பக்கத்துக்கு 11 செ.மீ. இருக்கிற டைமண்ட் துணி, நீளமான முனை ரெண்டும் உள் தொடையைப் பாத்து, குட்டையான முனை ரெண்டும் முன்னாடியும் பின்னாடியும் வர்ற மாதிரி. தையலுக்கு சுத்தி 1 செ.மீ. கூட விட்டு வெட்டணும். முன்பக்கம் ஜிப் முடியுற இடத்தைத் தொடக்கூடாது, அதுக்கு முன்னாடியே நிறுத்திடணும். துணி ஸ்ட்ரெச்சா இருந்தா நல்லது, கனம் பேண்ட்டோட துணி அளவுக்கு இருக்கணும், மெல்லிசு வச்சா அதுதான் முதல்ல போகும். நூல் பாலியஸ்டர் நூல், ரெட்டைத் தையல், ஓரம் ஓவர்லாக். கலர் மேட்ச் ஆகலன்னு கவலைப்படாதீங்க, ஹார்னஸ் போட்டா அந்த இடத்தை யாரும் உத்துப் பாக்கப்போறதில்ல.

கலர்னதும் ஒண்ணு. கறுப்புப் பேண்ட்ல சாக் பவுடர் பட்டா ரெண்டு தொடையிலயும் வெள்ளைக் கைத்தடம் பளிச்சுனு தெரியும், வெளிர் கலர்ல ஷூ ரப்பரோட கறுப்பு கணுக்கால் பக்கம் தீட்டிக்கும். சாம்பல், காக்கி, பாசிப்பச்சை மாதிரி நடு ரகம் ரெண்டையும் மறைச்சிடும். சாக் வெறும் மக்னீசியம் கார்பனேட்தான், உதறுனா பாதி போயிடும், மிச்சம் துவைக்கிறப்ப போயிடும், அதுக்காக தேய் தேய்னு தேய்க்க வேண்டாம்.

துவைக்கிறதுல ஒரே எதிரி சூடு. எலாஸ்டேன் கலந்த எதையும் சுடுதண்ணியில போடாதீங்க, ட்ரையர்ல போடாதீங்க, குளோரின் பிளீச் வேண்டவே வேண்டாம், இதெல்லாம் அந்த இழையைத்தான் முதல்ல கொல்லும். உள்பக்கம் திருப்பி, பச்சத்தண்ணியில துவைச்சு, நிழல்ல காயப் போடுங்க. துணியை மெத்துன்னு ஆக்குற சாஃப்ட்னரும் போட வேண்டாம், வேர்வையை இழுத்து காய விடுற குணத்தை அது மூடிடும்.

முட்டியில ஓட்டை விழுந்துச்சுன்னா பெருசாகுறதுக்கு முன்னாடியே உள்பக்கமா ஒட்டுத்துணி வச்சு தச்சிடுங்க, ஸ்ட்ரெச் பேண்ட்டுக்கு ஸ்ட்ரெச் துணியே வச்சு, ஜிக்ஜாக் தையல்ல, ஓட்டையை விட எல்லாப் பக்கமும் ரெண்டு விரல் பெருசா, முனை கூரா இல்லாம வட்டமா வெட்டி, ஏன்னா கூரான முனையில இருந்துதான் ஒட்டு முதல்ல உரிய ஆரம்பிக்கும். முட்டியை விட சீட்ல கொஞ்சம் கவனமா இருங்க, அங்க துணி மொத்தமா மெலிஞ்சு போயிருந்தா ஒட்டு நிக்காது, ஒட்டைச் சுத்தி கிழியும். அந்த நிலைமைக்கு வந்த பேண்ட்டை முட்டிக்கு மேல வெட்டி வேற பேண்ட்டுக்கு ஒட்டுத்துணியா வச்சுக்குங்க, கீழ்க் கால் துணி பெரும்பாலும் புதுசு மாதிரியேதான் இருக்கும்.